யானையும் வேலியும்

யானையைக் கண்டால் குழந்தைகள் மட்டுமா மகிழ்கின்றனர்? முதியவர்களும் சற்று நின்று பார்த்துவிட்டுத்தான் செல்கின்றனர். கோயில் வாயிலில் நாணயத்தை வாங்கிப் பாகனிடம் கொடுத்துவிட்டு, தும்பிக்கையால் நம் தலையைத் தொடும் யானையை நாம் எல்லோரும் அறிவோம். அதே யானை நள்ளிரவில், பாகனும் சங்கிலியும் இன்றி, பால் பிடித்த கேழ்வரகுக் கொல்லையின் நடுவே வந்து நின்றால் எப்படி இருக்கும் என்பதை நம்முள் சிலரே அறிவர். அந்தச் சிலருள் நானும் ஒருவன்.

என் ஊர் குடுபல்லி. பெயரைச் சொன்னதும், "அது எங்கே இருக்கிறது?" என்று விடுதி நண்பர்கள் கேட்கின்றனர். சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில், குப்பத்தை அடுத்து வரும் சிறு நிலையம் அது. சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், ஆந்திரமும் தமிழகமும் கருநாடகமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடம். கடைத்தெருவில் ஒருவர் தெலுங்கில் விலை கேட்க, மற்றவர் தமிழில் விடை சொல்ல, மூன்றாமவர் கன்னடத்தில் பேரம் பேசுவதை அங்கே நாள்தோறும் காணலாம். என் பாட்டனார் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி அங்கே குடியேறியவர். அவர் கல் பொறுக்கித் திருத்திய ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலமே இன்றளவும் எங்கள் குடும்பத்திற்குச் சோறு போடுகிறது.

ஈராண்டுக்கு முன், தீபாவளி விடுமுறையில் நான் ஊரில் இருந்தபோது ஓர் இரவு மூன்று யானைகள் கொல்லையில் இறங்கின. தகரம் தட்டினோம், பட்டாசு கொளுத்தினோம், கூவினோம். அவை தம் விருப்பப்படி தின்று, தம் விருப்பப்படி நடந்து, விடியுமுன் காட்டிற்குத் திரும்பின. பாதிப் பயிர் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது.

காலையில் பக்கத்துக் கொல்லைக்காரர் வந்து பார்த்தார். "தம்பி, மோட்டார் லைனிலிருந்து ஒரு கம்பி இழுத்துச் சுற்றிவிட்டால் போதும். ஒரே ராத்திரியில் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும்" என்றார். என் தந்தையார் சிறிது நேரம் பேசவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் அவர் வாங்கியிருந்த கடனை நான் அறிவேன். பிறகு என்னைப் பார்த்து, "நீதான் படித்தவனாயிற்றே, வேறு வழி இருந்தால் சொல்லப்பா" என்றார்.

விலங்கியல் படித்த எனக்கு அன்று விடை சொல்லத் தெரியவில்லை. அதன்பின் நூலகத்தில் தேடியும், ஊரில் செய்து பார்த்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்து உறுப்பினருள் ஓசூர், கூடலூர், வால்பாறை, சத்தியமங்கலம் எனக் காட்டோரத்து ஊர்களைச் சேர்ந்தவர் பலர் உளர். அவர்களுக்கு இது பயன்படலாம்.

யானை ஏன் வருகிறது?

சித்தூர்ச் சீமையில் யானை பன்னெடுங்காலம் இல்லாமலிருந்தது. 1980களில் ஓசூர், ஆனேக்கல் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் குப்பம், பலமனேர்க் காடுகளுக்கு வந்து தங்கின. ஆந்திர அரசு 1990இல் அங்கே கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயத்தை அமைத்தது. பாலாற்றின் துணையாறாகிய கௌண்டின்யா ஆற்றின் பெயரே அதற்கு இடப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 358 சதுர கிலோமீட்டர். எண்ணிக்கையில் இது பெரிதாகத் தோன்றினாலும், அக்காடு பல இடங்களில் ஒடுங்கியது. சுற்றிலும் ஊர்களும் வயல்களும் நெருங்கி நிற்பன. யானை எந்தப் பக்கம் சிறிது நடந்தாலும் ஒரு கொல்லையில்தான் கால் வைக்க வேண்டும்.

வளர்ந்த யானை நாளொன்றுக்கு 150 கிலோ வரை தீனி உண்ணும். உண்டதில் பாதிக்கும் குறைவாகவே அதன் வயிற்றில் செரிக்கும். ஆகவே நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலிலேயே கழிக்கிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த இராமன் சுகுமார் 1980களில் சத்தியமங்கலம், சாமராசநகர்ப் பகுதியில் ஆராய்ந்து ஓர் உண்மையைக் கூறினார். காட்டுப் புல் முற்றி நாராகிவிடும் பருவத்தில், கேழ்வரகில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சோடியமும் மிகுதியாக உள்ளன. ஒரு வாய் கேழ்வரகு பல வாய்ப் புல்லுக்குச் சமம். தாய்களும் கன்றுகளும் அடங்கிய கூட்டத்தைவிட ஆண் யானைகளே பயிரை அடிக்கடி நாடுகின்றன என்றும் அவர் கண்டார். உடல் வலிமை மிக்க ஆணே இனத்தைப் பெருக்கும் போட்டியில் வெல்லும். ஆதலின் அது உயிருக்கு வரும் ஆபத்தையும் பொருட்படுத்தாமல் நல்ல உணவைத் தேடுகிறது.

பசி மட்டும் காரணமன்று என்பது இதனால் விளங்கும். காட்டில் தீனி இருந்தாலும் கேழ்வரகின் சுவை அறிந்த யானை மீண்டும் வரும். வந்தால் தின்பதைவிட மிதிப்பதே மிகுதி. புறநானூற்றின் 184ஆம் பாடலில் பிசிராந்தையார் பாண்டியனுக்கு வரி வாங்கும் முறையை அறிவுறுத்த எடுத்துக்கொண்ட உவமை இதுதான். நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலத்தின் விளைவு யானைக்குப் பல நாள் வரும். யானை தானே வயலில் புகுந்தால் வாயால் உண்பதைவிடக் காலால் கெடுவதே பெரிது என்பது அதன் கருத்து. புலவர் இதைக் கற்பனையில் கண்டிரார். கொல்லை ஓரத்தில் நின்று பார்த்தவராகவே எனக்குத் தோன்றுகிறது.

கொல்லும் கம்பி

பக்கத்துக் கொல்லைக்காரர் சொன்ன வழியை முதலில் ஆராய்வோம். வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். நனைந்த நிலையில் மனித உடலின் மின்தடையை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொண்டால், உடலில் 0.23 ஆம்பியர் பாயும். அதில் பாதியளவே இதயத்தின் துடிப்பைக் குலைத்து உயிரைப் போக்க வல்லது. மேலும் இம்மின்சாரம் இடைவிடாது பாய்வதால் தசை இறுகிக்கொள்ளும். பிடித்த கையை விடவும் முடியாது. ஈர மண்ணில் நான்கு கால்களையும் ஊன்றி நிற்கும் யானையின் கதியும் இதுவே.

அந்தக் கம்பிக்கு யானை எது, மனிதர் யார் என்ற வேறுபாடு தெரியாது. விடியற்காலையில் புல்லறுக்கப் போகும் பெண், பால் கறக்கப் போகும் சிறுவன், கம்பி வைத்தவர் தாமே என யாரும் அதில் மாளலாம். சித்தூர் மாவட்டத்தில் இவ்வகைக் கம்பியில் யானைகள் மாண்டதுண்டு. சட்டமும் கடுமையானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை முதற் பட்டியலில் உள்ளது. அதைக் கொன்றவருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. மின்சாரத் திருட்டு வழக்கு தனி. ஒரு பருவத்துக் கேழ்வரகுக்காகக் குடும்பமே நிலைகுலையும் வழி இது.

பிடித்துக்கொண்டு போய்விட்டால்?

"வனத்துறையார் யானையைப் பிடித்துத் தொலைவில் விட்டுவிடக் கூடாதா?" என்று கேட்போர் பலர். இதற்கு விடை நம் நாட்டிலும் இலங்கையிலும் கிடைத்துவிட்டது. 2023 ஏப்ரலில் கேரளத்துச் சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட 'அரிக்கொம்பன்' என்ற ஆண் யானை பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. அடுத்த மாதமே அது தமிழகத்துக் கம்பம் நகரின் தெருவில் நடந்தது. சூன் மாதம் தமிழக வனத்துறையார் அதை மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டனர்.

இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவர் குழுவினரும் 12 ஆண் யானைகளின் கழுத்தில் இருப்பிடம் காட்டும் பட்டையை மாட்டி, 16 முறை இடம் மாற்றியதன் விளைவை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டனர். சில பழைய இடத்தை நோக்கித் திரும்பின. சில ஊர் ஊராக அலைந்தன. சில புதிய இடத்திலேயே தங்கி அங்குள்ள மக்களுக்குத் தொல்லை தந்தன. யானையோடு தொல்லையும் இடம் மாறியதே தவிரக் குறையவில்லை.

உருவத்தில் சிறிய ஒரு விலங்கும் இதே பாடத்தைக் கற்பிக்கிறது. வட அமெரிக்காவில் பீவர் என்னும் கொறிக்கும் பிராணி உண்டு. அது பல்லால் மரத்தைக் கடித்துச் சாய்த்து, ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும். தேங்கிய நீர் வயலிலும் வீட்டுத் தோட்டத்திலும் சாலையிலும் பரவும். குடியானவர் அதைப் பொறி வைத்துப் பிடித்தால், ஓடை நெடுநாள் காலியாக இருப்பதில்லை. தாயகத்தை விட்டு இடம் தேடி அலையும் இளம் பீவர் அங்கே குடிவந்துவிடும். அணையை இடித்தாலோ ஓரிரு இரவில் மீண்டும் கட்டிவிடும்.

ஆகவே அங்குள்ளோர் வேறு வழி கண்டனர். காக்க வேண்டிய மரத்தின் அடியைச் சுற்றி, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திற்குக் கம்பி வலையைப் பட்டையில் ஒட்டாமல் அமைக்கின்றனர். அணையின் ஊடே ஒரு குழாயைச் செலுத்தி, அதன் வாயைத் தொலைவில் நீருக்கடியில் கூண்டிட்டு வைக்கின்றனர். சுவீடனில் லார்ஸ் வில்சன் என்பார் செய்த பரிசோதனையில், ஓடும் நீரின் ஓசையைக் கேட்டால் பீவர் அவ்விடத்தில் அணை கட்ட முற்படுவது தெரிந்தது. குழாய் ஓசையின்றி நீரை வெளியேற்றுவதால், அடைக்க வேண்டிய இடம் எது என்பது அதற்குப் புலப்படுவதில்லை. பீவரும் இருக்கிறது, வயலும் பிழைக்கிறது. எது அந்த விலங்கை இழுக்கிறது என்று கண்டு, அதற்கும் இதற்கும் இடையே தடையை வைப்பதே இம்முறையின் சாரம்.

அகழியும் சூரிய வேலியும்

யானைக்கான தடைகள் முக்கியமாக இரண்டு. ஒன்று அகழி. யானையால் தாவ இயலாது. நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழுவதில்லை. எனவே மேற்புறம் ஏறத்தாழ 3 மீட்டர் அகலமும் 2 முதல் 3 மீட்டர் ஆழமும் உள்ள பள்ளம் அதைத் தடுக்கும். ஆயினும் மழையில் கரை சரியும். யானையே கரையை உதைத்து மண்ணைத் தள்ளிப் பாதை செய்துகொள்ளும். ஓடை குறுக்கிடும் இடத்தில் அகழியை வெட்ட முடியாது. அந்த ஒரு வாயிலே யானைக்குப் போதும்.

மற்றொன்று சூரிய மின்வேலி. இதில் 5,000 முதல் 10,000 வோல்ட் வரை அழுத்தம் இருக்கும் என்றால் சிலர் திகைப்பர். 230 வோல்ட் கொல்லும்போது இது ஏன் கொல்வதில்லை? காலமே காரணம். சூரியத் தகட்டால் நிரம்பும் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து ஒரு கருவி, விநாடிக்கு ஒரு முறை அளவில் மின்துடிப்பை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரமே நீடிக்கும். அதில் அடங்கிய ஆற்றல் சில ஜூல் மட்டுமே. தொட்ட யானைக்குச் சுருக்கென்று வலிக்கும்; அடுத்த துடிப்பு வருமுன் விலகிவிடலாம். இந்த வேலி யானையின் உடலை நிறுத்துவதில்லை. அதன் நினைவை நிறுத்துகிறது.

ஆகையால் ஒரு நாள் மின்சாரம் இல்லாவிட்டாலும் நினைவு கலைந்துவிடும். வேலியைக் கெடுக்கும் காரணங்கள் நான்கு. முதலாவது, புல்லும் கொடியும் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்கு இறங்கிவிடும். இரண்டாவது, கோடையில் மண் காய்ந்தால் நில இணைப்பு பலவீனப்படும். அக்கம்பி புதைந்த இடத்தில் நீர் ஊற்ற வேண்டும். மூன்றாவது, மின்கலம் தேய்வதும் திருட்டுப் போவதும். நான்காவது, யானையின் அறிவு. தந்தத்தில் மின்சாரம் எளிதில் பாயாது என்பதைக் கண்டுகொண்ட கொம்பன் தந்தத்தால் கம்பியை அறுக்கும்; பக்கத்து மரத்தைக் கம்பியின் மேல் சாய்க்கும். நான்கில் மூன்றுக்கு மருந்து அரிவாளும் ஒரு குடம் நீரும் அன்றாடக் கவனமுமே.

மிளகாயும் சாணமும் சேர்த்து மூட்டும் புகை சில இரவுகளுக்கு உதவும். காற்று திரும்பினால் நம் கண்தான் எரியும். தகரமும் பட்டாசும் பழகிப்போகும். 2025 மே மாதம் கருநாடக அரசு ஆந்திரத்திற்கு 4 கும்கி யானைகளை அளித்தது. காட்டு யானைகளை விரட்டுவதில் அவை பேருதவி செய்யும். எனினும் ஒவ்வொரு கொல்லையிலும் ஒவ்வோர் இரவும் கும்கி நிற்க இயலாதன்றோ?

ஐந்தாவது கொல்லை

இனி எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். மின்கம்பி வேண்டாம் என்று தந்தையாரிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். பக்கத்துக் கொல்லைக்காரரும் மனம் மாறினார். அடுத்தடுத்து நிலமுள்ள நான்கு குடும்பத்தார் பணம் போட்டுச் சூரிய வேலி அமைத்தோம். அப்பருவத்தில் யானைகள் வந்தன, கம்பியைத் தொட்டன, விலகின. நாங்கள் மகிழ்ந்தோம்.

மறுநாள் காலை, எங்கள் வேலி முடியும் இடத்தில் அரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு கைம்பெண், நாங்கள் அத்தை என்று அழைப்பவர், வீட்டு வாசலில் வந்து நின்றார். "உங்க வேலி யானைக்கு என் கொல்லைக்கு வழி காட்டிடுச்சுப்பா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேலி அமைத்தபோது, பங்குப் பணம் கொடுக்க இயலாது என்பதால் அவரை நாங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. நூலகத்தில் நான் படித்த எதுவும் எனக்கு அன்று உறைத்ததுபோல் உறைக்கவில்லை. தடுக்கப்பட்ட யானை பசியை மறந்துவிடுவதில்லை; தடையின் முனையைத் தேடிச் செல்கிறது. என் வேலி எனக்கு மட்டும் என்றால், அது அடுத்தவர் வயலுக்கு இட்ட அம்புக்குறியே.

இலங்கையின் வறண்ட பகுதிகளில் இதை உணர்ந்து செய்கின்றனர். காட்டின் எல்லையில் யாரும் பேணாமல் கிடக்கும் வேலிக்குப் பதிலாக, ஊரைச் சுற்றி ஒன்றும், வயல்வெளி முழுவதையும் சுற்றி ஒன்றும் அமைக்கின்றனர். வயல் வேலியை விதைப்பின்போது ஊரார் நட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுகின்றனர். கழற்றியபின் யானை வந்து தாளை மேயும், யாருக்கும் நட்டமில்லை. பயன்பெறுவோரே பேணுவதால் வேலி உயிரோடு இருக்கிறது.

நம் வால்பாறையில் வேறோர் ஏற்பாடு. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் யானை எங்கே நிற்கிறது என்பதைக் கைப்பேசிச் செய்தியாகத் தோட்டத் தொழிலாளர்க்கு அனுப்புகின்றனர். உயர்ந்த இடங்களில் சிவப்பு விளக்கையும் எரிய விடுகின்றனர். விளக்கைக் கண்டவர் அவ்வழி செல்வதில்லை. செய்தியே அங்கு வேலியாகிறது.

சென்ற பருவத்தில் எங்கள் வேலியை ஐந்தாவது கொல்லையையும் சுற்றி நீட்டினோம். அத்தை பணத்திற்குப் பதில் உழைப்பைத் தந்தார். வாரத்திற்கு ஒரு குடும்பம் எனப் புல்லறுக்கும் முறை வைத்தோம். மாலைதோறும் அழுத்தமானியால் அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். ஓர் இரவு மட்டும் யானை உள்ளே புகுந்து கால் ஏக்கரை அழித்தது. நோட்டைப் பார்த்தோம். அந்த வாரம் எங்கள் குடும்பத்து முறை. மழையில் வளர்ந்த புல்லை யாரும் அறுக்கவில்லை. அறுக்க வேண்டிய நான் தேர்வென்று விடுதிக்குத் திரும்பியிருந்தேன். அழிந்ததும் அத்தையின் கால் ஏக்கரே. எங்கள் அறுவடையிலிருந்து அவருக்கு இரண்டு மூட்டை கேழ்வரகைத் தந்தையார் கொண்டுபோய்க் கொடுத்தார். மற்ற வாரங்களில் அவர் தம் முறையை ஒரு நாளும் தவறவிடவில்லை என்பதையும் நோட்டு காட்டியது.

வீட்டளவில் செய்யத்தக்கவை

1. படுக்கும் அறையில் தானியம், உப்பு, வெல்லம் வைக்க வேண்டாம். மணம் பிடித்து யானை சுவரை இடிக்கும்.

2. வீட்டை ஒட்டி வாழை, பலா இருந்தால் பழுக்குமுன் காயை இறக்கிவிடுக.

3. காட்டோரக் கொல்லையில் மிளகாய், மஞ்சள், இஞ்சி போன்றவற்றைப் பயிரிடலாம். யானை இவற்றை விரும்பி உண்பதில்லை. மிதிக்கும் என்பதையும் மறவாதீர்.

4. இரவில் வாசலில் வெளிச்சம் இருக்கட்டும். விளக்கின்றி வெளியே செல்ல வேண்டாம். நாயை உடன் அழைத்துச் செல்ல வேண்டாம். அது குரைத்து யானையை உசுப்பிவிட்டு நம்மிடமே ஓடி வரும்.

5. யானையை விரட்டும்போது அது காட்டிற்குத் திரும்பும் வழியை அடைக்காதீர். கூட்டமாகச் சூழ்ந்து படம் எடுப்பதே பல உயிரிழப்புகளுக்குக் காரணம்.

6. பயிர் அழிந்தால் உடனே வனத்துறைக்குத் தெரிவித்து, அவர்கள் பார்வையிடும்வரை கொல்லையை அப்படியே விடுக. புகைப்படமும் பட்டாதார் பாஸ்புக் நகலும் இழப்பீட்டு விண்ணப்பத்திற்கு உதவும்.

நண்பர்களே! நம்முள் பலர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது புத்தகப் பையைத் திறப்பதே இல்லை. இம்முறை செல்லும்போது ஓர் அழுத்தமானியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் ஊர் வேலியை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து பாருங்கள். எங்கே புல் தொடுகிறது, எங்கே அழுத்தம் குறைகிறது என்று குறியுங்கள். வேலி முடியும் இடத்தில் யாருடைய நிலம் இருக்கிறது என்பதையும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஊர்க்கூட்டத்தில் முதலில் பேச வேண்டியது அந்த நிலத்தைப் பற்றியே.

இந்த ஆடியில் எங்கள் கொல்லையில் மீண்டும் கேழ்வரகு விதைப்போம். புல்லறுக்கும் முறையில் என் பெயர் ஐப்பசி முதல் வாரத்தில் இருக்கிறது. அந்த வாரத்திற்கு விடுப்பு வேண்டுமென்று இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன்.